இரண்டு அரசுகள் வளர்த்த கொள்ளையர்கள்

1551ஆம் ஆண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இரு நாடுகளின் எல்லை அதிகாரிகளும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். எஸ்க், சார்க் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடந்த ஒரு துண்டு நிலத்தைப் பற்றியது அது. அந்த நிலத்தில் தங்கியிருக்கும் எவரையும், எந்த நாட்டவரும், கொள்ளையடிக்கலாம், கொல்லலாம். வீட்டை எரிக்கலாம், மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். அதற்காக யாரும் எங்கும் நியாயம் கேட்க முடியாது. கொலையைத் தடுக்க வேண்டிய இரண்டு அரசுகள், கொலைக்கு எழுத்துமூலம் உரிமம் கொடுத்தன.

அந்தத் துண்டு நிலம் சுமார் 16 கிலோமீட்டர் நீளமும் அதிகபட்சம் 6 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இரு நாடுகளும் தத்தமக்கே சொந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அது தாவா நிலமாகவே கிடந்தது. அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை இரு பக்கத்து மக்களும் மாடு மேய்க்கலாம். இருட்டுவதற்குள் ஓட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். நிலையான வீடு கட்டக் கூடாது, ஏர் பூட்டக் கூடாது. இந்த வழக்கத்தைப் பல தலைமுறைகளாக இரு பக்கத்து ஜனங்களும் மதித்து நடந்தார்கள். அரசர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் மேய்ச்சல்காரர்களின் ஒப்பந்தம் நின்றது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆம்ஸ்ட்ராங், கிரஹாம் குலத்தார் அங்கே குடியேறிக் கல்கோபுரங்களைக் கட்டினார்கள். அதன்பின் அது கொள்ளையரின் தலைநகரம் என்று பெயரெடுத்தது.

இந்த எல்லைக் கொள்ளையரை ரீவர்கள் என்று அழைத்தார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இவர்கள் ஆண்ட நிலப்பரப்பு, மேற்கே சோல்வே கழிமுகத்திலிருந்து கிழக்கே பெரிக் நகரம் வரை நீண்ட, சுமார் 150 கிலோமீட்டர் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் விரிந்தது. நடுவில் செவியட் மலைகள். மரமில்லாத மேடுகள், கால் புதையும் சதுப்புகள், ஒன்றிலிருந்து ஒன்று மறைந்து கிடக்கும் பள்ளத்தாக்குகள். வழி தெரிந்தவனுக்குப் புகலிடம், தெரியாதவனுக்குப் புதைகுழி.

ஆனால் இந்த மக்களைத் திருடர்களாக்கியது நிலம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் பெரிக் நகரைச் சூறையாடியதோடு தொடங்கிய போர்கள், இடைவெளி விட்டு விட்டு, இருநூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தன. வடக்கே போன படையும் தெற்கே வந்த படையும் இதே வயல்களைத்தான் மிதித்தன. பெரிக் நகரமே பத்துக்கும் மேற்பட்ட முறை கை மாறி, 1482இல்தான் இறுதியாக இங்கிலாந்து வசமானது. இப்படிப்பட்ட மண்ணில் தானியம் விதைப்பவன் அறுவடை செய்வான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மாடு என்றால் மலைக்கு ஓட்டிவிடலாம். ஆகவே செல்வம் என்பதே நான்கு கால்களில் நடக்கும் பொருளாகியது. ஓட்டிக்கொண்டு தப்பிக்கக்கூடியதை ஓட்டிக்கொண்டு திருடவும் முடியும்.

இதோடு வாரிசு முறையும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் மூத்த மகனுக்கே நிலம் போனபோது, டைன்டேல், ரெட்ஸ்டேல் போன்ற எல்லைப் பள்ளத்தாக்குகளில் எல்லா மகன்களுக்கும் பாகம் பிரித்தார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போதாத துண்டுகளே மிஞ்சின. குதிரை ஏறத் தெரிந்த, வேலை இல்லாத, பசித்த இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி திறந்திருந்ததா என்று பார்த்தால், நியூகாசில் நகரத்து வணிகர் சங்கம் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு விதி போட்டது: டைன்டேலிலோ ரெட்ஸ்டேலிலோ பிறந்த எவனையும் தொழில் பழகச் சேர்க்கக் கூடாது. பிறந்த ஊரே குற்றமாகிவிட்டது.

கொள்ளைக்கென்று ஒரு பருவம் இருந்தது. கோடையில் மக்கள் மந்தைகளோடு மேட்டு நிலத்துக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். இலையுதிர் காலம் தொடங்கியதும் மாடுகள் கொழுத்து நிற்கும், இரவு நீளும், தரை இன்னும் ஓரளவு உலர்ந்திருக்கும். அப்போது சில பேர் முதல் சில நூறு பேர் வரை கொண்ட குதிரைப்படைகள் புறப்படும். தலையில் இரும்புத் தொப்பி, உடம்பில் உள்ளே எஃகுத் தகடு வைத்துத் தைத்த தடித்த மேலங்கி, கையில் நீண்ட ஈட்டி. குதிரைகள் குட்டையானவை. ஆனால் சதுப்பில் கால் வைக்கத் தெரிந்தவை, இரவெல்லாம் நடந்தாலும் களைக்காதவை. விடிவதற்குள் அறுபது எழுபது கிலோமீட்டர் போய்வருவது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. வசதியுள்ளவர்கள் கோபுர வீடு கட்டிக்கொண்டார்கள். அடுத்த நிலையிலிருந்த விவசாயிகள் ஒரு மீட்டருக்கு மேல் தடிமனான கற்சுவரோடு இரண்டடுக்கு வீடு கட்டினார்கள். கீழே மாடு, மேலே மனிதர்கள், ஏறிய பின் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ஏழைகளின் குடிசைகள் களிமண்ணும் புல்லும் கொண்டவை. எரிந்தால் சில நாட்களில் மறுபடி எழுப்பிக்கொள்வார்கள். எரிக்கப்படும் என்று தெரிந்தே கட்டப்பட்ட வீடுகள் அவை.

சட்டமே இல்லாத பூமி என்று இந்த எல்லையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆவணங்களைப் பார்த்தால் அது உண்மையில்லை என்று தெரிகிறது. 1249இலேயே, இங்கிலாந்துத் தரப்பில் பன்னிரண்டு பேரும் ஸ்காட்லாந்துத் தரப்பில் பன்னிரண்டு பேருமாக இருபத்துநான்கு வீரப்பட்டத்தார் (நைட்கள்) கூடி எல்லைச் சட்டங்களைத் தொகுத்துவிட்டார்கள். இரு நாடுகளின் சட்டமும் சாராத, எல்லைக்கென்றே பிறந்த மூன்றாவது சட்டம் அது. எல்லையின் இரு பக்கமும் கிழக்கு, நடு, மேற்கு என்று மும்மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் வார்டன் என்ற எல்லை அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார்.

மாடு பறிகொடுத்தவன் ஆறு நாட்களுக்குள் எல்லை தாண்டித் துரத்திப் போகலாம். இது சட்டபூர்வமான உரிமை. ஒரு நிபந்தனை உண்டு: திருட்டுத்தனமாகப் போகக் கூடாது. அந்த ஊரில் அடுப்பெரிக்க வெட்டியெடுக்கும் புல்வேர் மண்கட்டி ஒன்றைக் கொளுத்தி ஈட்டி முனையில் குத்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொம்பு ஊதி, மோப்ப நாய்களோடு, எல்லோருக்கும் தெரியும்படி போக வேண்டும். வழியில் சந்திக்கும் எவனும் கூட வந்தாக வேண்டும். மறுத்தால் திருடனுக்குக் கூட்டாளி என்று கருதப்படுவான். ஆநிரை கவர்வதை வெட்சி என்றும் மீட்பதைக் கரந்தை என்றும் திணை வகுத்த மரபில் வந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

துரத்தியும் கிடைக்காதவன் வார்டனிடம் புகார் எழுதிக் கொடுப்பான். இரு நாட்டு வார்டன்களும் குறித்த நாளில் எல்லையில் ஒரு திறந்த வெளியில் கூடுவார்கள். அது சமாதான நாள். அன்று சூரியன் உதித்ததிலிருந்து மறுநாள் உதிக்கும் வரை யாரும் யாரையும் தொடக் கூடாது. குற்றம் உறுதியானால், இழந்த பொருளின் மதிப்பும் அதற்கு மேல் இரண்டு மடங்கும் சேர்த்துத் தர வேண்டும். காகிதத்தில் பார்த்தால் மிக நேர்த்தியான ஏற்பாடு.

நடந்தது வேறு. ஸ்காட்லாந்துப் பக்கத்து வார்டன்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குலத் தலைவர்கள். அவர்களுக்கே தீராத பகை இருந்தது, அவர்களே கொள்ளைக்குப் போனார்கள். இங்கிலாந்துப் பக்கம் நடு மண்டலத்தில் பல பத்தாண்டுகள் வார்டனாக இருந்த சர் ஜான் ஃபார்ஸ்டர் மீது, திருடர்களோடு ஒத்துப்போகிறார் என்ற குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப எழுந்தது. 1575இல் ரெட்ஸ்வயர் என்ற இடத்தில் நடந்த சமாதான நாளே கைகலப்பாக முடிந்தது. துணை அதிகாரி ஜார்ஜ் ஹெரன் கொல்லப்பட்டார், ஃபார்ஸ்டர் சிறைபிடிக்கப்பட்டார். நீதி வழங்கக் கூடிய களத்தில் நீதிபதியே கைதியானார்.

அரசர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இயலாமை மட்டுமா? கணக்குப் புத்தகம் ஒன்று வேறு கதை சொல்கிறது. தன் மகன் எட்வர்டுக்குக் குழந்தை அரசி மேரியை மணமுடித்துத் தர ஸ்காட்லாந்து மறுத்ததும், எட்டாம் ஹென்றி 1544இல் எல்லைக் குதிரை வீரர்களை அவிழ்த்துவிட்டார். அந்த ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை நடந்ததை அவருடைய அதிகாரிகள் வரிசையாக எழுதி அனுப்பினார்கள்: எரித்த ஊர்கள், கோபுரங்கள், தேவாலயங்கள் முதலியன 192, கொன்றவர்கள் 403, சிறைபிடித்தவர்கள் 816, ஓட்டிவந்த மாடுகள் 10,386, ஆடுகள் 12,492, குதிரைகள் 1,296. இதே செயலைத் தனி ஒருவன் செய்தால் தூக்கு. அரசர் பெயரில் செய்தால் சேவை. ஓர் இளைஞனுக்கு அரசே இரவில் கிராமம் எரிக்கக் கற்றுக்கொடுத்து, கூலியும் கொடுத்து, போர் நின்ற மறுநாள் ‘இனித் திருடாதே’ என்று சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்?

இப்படிக் கூலிக்குச் சேர்ந்தவர்களின் விசுவாசம் எவ்வளவு என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 1545 பிப்ரவரியில் ஆங்க்ரம் மூர் களத்தில், இங்கிலாந்துக் கொடியின் கீழ் போன ஸ்காட்லாந்து எல்லைக்காரர்கள் நூற்றுக்கணக்கானோர், சண்டை திரும்புவதைப் பார்த்ததும் மார்பிலிருந்த சிவப்புச் சிலுவையைக் கிழித்தெறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் சேர்ந்தார்கள். எரிப்புக் கணக்கை நடத்திய தளபதி சர் ரால்ஃப் யூர் அந்தக் களத்திலேயே இறந்தார். அவர்களுக்கு நாடு என்பது குலம்தான். கிரஹாம்களில் இங்கிலாந்துக்காரர்களும் உண்டு, ஸ்காட்லாந்துக்காரர்களும் உண்டு. எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மரண தண்டனைக்குரிய துரோகம் என்று சட்டம் சொன்ன காலத்திலும் கல்யாணங்கள் நடந்துகொண்டேதான் இருந்தன.

திருச்சபையும் தன் பங்குக்கு முயன்றது. 1525இல் கிளாஸ்கோ பேராயர் கேவின் டன்பார், ரீவர்களுக்கு எதிராக ஆயிரம் சொற்களுக்கு மேல் நீண்ட ஒரு சாபத்தை எழுதித் தேவாலயங்களில் வாசிக்கச் செய்தார். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, நடக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கும்போதும், மனைவி மக்களோடும் கால்நடைகளோடும் சேர்த்துச் சபித்தார். மாடு திருடுவது நிற்கவில்லை.

அரசன் தன் வழியில் முயன்றான். 1530இல், ஸ்காட்லாந்தின் பதினெட்டு வயது ஐந்தாம் ஜேம்ஸ் படையோடு எல்லைக்கு வந்து, கில்னாக்கி கோபுரத்து ஜானி ஆம்ஸ்ட்ராங்கையும் அவனுடைய ஆட்களையும் கார்லன்ரிக்கில் தூக்கிலிட்டான். சமாதானம் பேச அழைத்து வஞ்சித்தான் என்றே எல்லைப் பாட்டுகள் சொல்கின்றன. அதன் விளைவு ஒன்றுதான்: ஆம்ஸ்ட்ராங் குலம் அதற்குப் பின் தன் அரசனுக்காக ஈட்டி எடுக்க விருப்பம் காட்டவில்லை.

1552இல் பிரெஞ்சுத் தூதரை நடுவராக வைத்துத் தாவா நிலத்தை இரண்டாகப் பிரித்து, நடுவே ஒரு பள்ளமும் மண்மேடும் எழுப்பினார்கள். கோடு பிறந்தது. அமைதி பிறக்கவில்லை.

எல்லைக் கதைகளிலேயே அதிகம் பாடப்பட்டது கின்மான்ட் வில்லியின் கதை. வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற அவன் பெரிய கொள்ளைக்காரன். இங்கிலாந்துக் கிராமங்களைப் பலமுறை சூறையாடியவன். 1596 மார்ச் 17 அன்று ஒரு சமாதான நாளுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, தவணை முடியுமுன்பே இங்கிலாந்து ஆட்கள் அவனைத் துரத்திப் பிடித்துக் கார்லைல் கோட்டையில் அடைத்தார்கள். திருடனைப் பிடிக்கப்போய் அதிகாரிகளே சட்டத்தை மீறினார்கள். லிட்ஸ்டேல் பகுதியின் பொறுப்பாளரான பக்ளூ நிலக்கிழார் வால்டர் ஸ்காட், முறைப்படி கடிதம் எழுதி விடுதலை கேட்டார். இங்கிலாந்தின் மேற்கு மண்டல வார்டன் ஸ்க்ரூப் மறுத்தார்.

ஏப்ரல் 12 இரவு. மழை. எழுபது எண்பது குதிரைவீரர்களோடு பக்ளூ கார்லைலுக்கு வந்தார். கொண்டுவந்த ஏணிகள் மதிலுக்கு எட்டவில்லை. பக்கவாசல் ஒன்றை உடைத்து உள்ளே நுழைந்து, வில்லியைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் எல்லை கடந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து உதவி இல்லாமல் இது நடந்திருக்க முடியாது என்று ஸ்க்ரூப் நம்பினார். அவருடைய சந்தேகம் இங்கிலாந்துக் குடிகளான கிரஹாம்கள் மேலேயே விழுந்தது. முதலாம் எலிசபெத் கொதித்துப்போனார். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸுக்கு அவரிடமிருந்து ஆண்டுதோறும் பணம் வந்துகொண்டிருந்தது. அதைவிட, பிள்ளையில்லாத எலிசபெத்துக்குப் பின் இங்கிலாந்தின் சிம்மாசனமும் வரவேண்டியிருந்தது. அதனால், நாட்டு மக்கள் பக்ளூவைக் கொண்டாடிக்கொண்டிருந்தாலும் ஜேம்ஸ் பணிய வேண்டியிருந்தது; 1597இல் பக்ளூ பெரிக்கில் சரணடைந்தார்.

வீரக்கதை இது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, அதே ஸ்காட் குலத்தில் வந்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், 1802இல் வெளியிட்ட எல்லைப் பாடல் தொகுப்பில் இதையும் சேர்த்து உலகறியச் செய்தார். அந்தக் கதைப்பாடலில் பெரும்பகுதி அவரே எழுதியது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தத் தொகுப்புக்குப் பின் ரீவர் என்றால் நிலா வெளிச்சத்தில் குதிரையேறிப் போகும் வீரன் என்ற படம் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

வேறொரு தொகுப்பும் இருக்கிறது. எல்லை அதிகாரிகளின் கடிதங்களும் புகார்களும் 1890களில் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சாகின. அதில் பாட்டு இல்லை. இத்தனை பசு, இத்தனை எருது, ஒரு குதிரை, பாத்திரங்கள், படுக்கைகள், உடுத்தும் துணி என்று பக்கம் பக்கமாகப் பட்டியல்கள்தான். புகார் கொடுத்தவர்களில் விதவைகள் உண்டு, ஒன்றிரண்டு மாடுகளை மட்டும் வைத்திருந்த குடியானவர்கள் உண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் பசுவையும் போர்வையையும் இழந்த குடும்பம் வசந்தம் வரை என்ன தின்றது, எதைப் போர்த்திக்கொண்டது? கொள்ளையர்கள் பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு இந்தத் தொகுதிகளில் சான்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பலம் உள்ளவன் கோபுரத்துக்குள் இருந்தான். அடி விழுந்தது கோபுரம் இல்லாதவன்மேல். கொள்ளைக்கு ஆளாகாமல் இருக்க அவன் குலத்தலைவனுக்குக் காவல்கூலி கட்ட வேண்டும். அரசனுக்கு வரி, நிலக்காரனுக்குக் குத்தகை, திருச்சபைக்குப் பங்கு, அதற்கு மேல் திருடாமல் இருப்பதற்காகத் திருடனுக்கும் கட்டணம். கட்டியவனைக் காக்க வேண்டியது வாங்கியவன் பொறுப்பு என்பதால், பல கிராமங்கள் அரசாங்கத்தைவிட இந்த ஏற்பாட்டையே நம்பின.

1603 மார்ச் 24 அன்று எலிசபெத் இறந்தார். எல்லை வார்டனான ராபர்ட் கேரி குதிரை மாற்றி மாற்றி ஓட்டி, 26ஆம் தேதி இரவே எடின்பரோவில் ஜேம்ஸை எழுப்பிச் செய்தி சொன்னார். எல்லையில் வேறொரு செய்தி பரவியது: அரசி இறந்து புது அரசர் பதவியேற்கும் வரை சட்டம் செல்லாது. கிரஹாம்களும் ஆம்ஸ்ட்ராங்குகளும் மற்றவர்களும் கம்பர்லாந்துக்குள் வெகுதூரம் புகுந்து எரித்துச் சூறையாடினார்கள். எல்லையின் கடைசிப் பெருங்கொள்ளை அதுதான்.

இரண்டு நாடுகளுக்கும் அரசராகிவிட்ட ஜேம்ஸுக்கு எல்லையே தேவைப்படவில்லை. அண்டை நாட்டைத் தொந்தரவு செய்யவும், படையெடுப்பை முதலில் தாங்கவும் வைத்திருந்த முரட்டு ஜனங்கள் ஒரே நாளில் வேண்டாதவர்கள் ஆனார்கள். எல்லை மாவட்டங்கள் இனி நடுநாட்டு மாவட்டங்கள் என்று அவர் அறிவித்தார். வார்டன் பதவிகளும் எல்லைச் சட்டமும் மறைந்தன. 1605இல் இரு நாட்டவரும் ஐவர் ஐவராகப் பத்துப் பேர் கொண்ட ஆணையம் வந்தது. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, நல்ல குதிரை வைத்திருக்கக் கூடாது, கோபுரங்களின் இரும்புக் கதவுகளைக் கழற்றி ஏர்க்கொழு அடிக்க வேண்டும் என்று ஆணைகள் பிறந்தன. ஜெட்பரோ நகரில் முதலில் தூக்கு, பிறகு விசாரணை என்று சொல்லும் அளவுக்குத் தண்டனைகள் விரைந்தன. ஒழுங்கைக் கொண்டுவந்தவர்கள் சட்டத்தைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

கிரஹாம் குலத்தை வேரோடு பிடுங்க முடிவானது. 1605இல் நூற்றைம்பது பேரை நெதர்லாந்தில் இருந்த பாசறைகளுக்கு அனுப்பினார்கள். பலர் தப்பித் திரும்பினார்கள். 1606இலும் அடுத்த ஆண்டிலும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியில் குடியமர்த்தினார்கள். விறகும் தண்ணீரும் இல்லாத, மொழி புரியாத இடத்தில் அந்தக் குடியேற்றம் நிலைக்கவில்லை. சிதறினார்கள், இறந்தார்கள், சிலர் பெயர் மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். இவ்வளவு கடுமைக்கும் அமைதி ஒன்றே காரணம் என்று நம்புவது கடினம். அவர்கள் இருந்த எஸ்க் ஆற்றங்கரை நல்ல விளைநிலம். அந்த நிலத்தை ஜேம்ஸ் ஏற்கெனவே கம்பர்லாந்து பிரபுவுக்கு வழங்கியிருந்தார். அங்கே குடியிருந்தவர்கள் வெளியேறினால்தான் அந்த வழங்கல் பலன் தரும்.

எல்லைக்காரர்கள் பலர் 1609க்குப் பின் அல்ஸ்டர் குடியேற்றங்களுக்கும், அவர்களின் சந்ததியினர் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளுக்கும் போனார்கள். புது எல்லைகளில் மறுபடியும் முன்வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். 1972 மார்ச்சில், நிலவில் முதலில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் லாங்கம் என்ற சின்ன எல்லை ஊருக்கு வந்து அதன் முதல் கௌரவக் குடிமகன் ஆனார். தன் முன்னோர் குலத்தின் ஊர் அது. கார்லைல் நகரம் 2001இல் பேராயரின் பழைய சாபத்தின் ஒரு பகுதியை ஒரு பாறையில் செதுக்கி வைத்தது. அந்த ஆண்டே கால்நடைகளைக் கோமாரி தாக்கியது, 2005இல் வெள்ளம் வந்தது. இவை சாபத்தின் விளைவே என்று கருதியவர்கள் கல்லை அகற்றக் கேட்ட கோரிக்கை நகர மன்றம் வரை போய்த் தோற்றது.

நிலாவொளி வீரர்கள் என்ற படமும் பிறவித் திருடர்கள் என்ற படமும் ஒரே தவற்றைச் செய்கின்றன. இந்த ஜனங்களைக் கொள்ளைக்குப் பழக்கி, கூலி கொடுத்து, கணக்கு எழுதி வாங்கிக்கொண்ட இரண்டு அரசுகளையும் இரண்டு படங்களும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகின்றன. யாருக்குத் தண்டனை, யாருக்குப் பரிசு என்பதையும் அந்த அரசுகளே தீர்மானித்தன. கார்லைல் கோட்டையை உடைத்த பக்ளூ, 1603க்குப் பின் தன் பழைய கூட்டாளிகளை அடக்கும் பணியில் அரசருக்குத் துணை நின்றார். எல்லைக்காரர்களைத் திரட்டி நெதர்லாந்துப் போருக்கு அழைத்துப் போனார். 1606இல் ஸ்காட்லாந்தின் பிரபுக்கள் வரிசையில் இடம் பெற்றார். அவருடன் குதிரையேறியவர்களில் பலருக்குக் கிடைத்தது தூக்குக்கயிறும் நாடுகடத்தலும். அவருடைய வழித்தோன்றலான பக்ளூ கோமகனின் குடும்பம், இன்றும் பிரிட்டனில் மிக அதிக நிலம் வைத்திருக்கும் தனியார் குடும்பங்களில் ஒன்று.